ஊசி போட்ட மாட்டின் பாலை எப்போது ஊற்றலாம்? கணித மாதிரி சொல்லும் பதில்

"மடிநோய்க்கு ஊசி போட்டு மூணு நாள் ஆச்சு. மாடு நல்லா தீவனம் எடுக்குது. இனி சொசைட்டிக்குப் பால் ஊத்தலாமா?" பயிற்சிகளில் கறவை மாடு வளர்ப்போர் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. மாடு குணமாவது வேறு, மருந்து அதன் உடலை விட்டு வெளியேறுவது வேறு. மருந்து முழுவதும் இறங்கும் முன் கறந்த ஒரு மாட்டின் பால், கேனில் உள்ள மற்றவர்களின் பாலையும் கெடுத்துவிடும். அந்தப் பாலில் உறை ஊற்றினால் தயிர் சரியாக உறையாது. பென்சிலின் ஒவ்வாமை உள்ளவர்களுக்கு ஆபத்து. நோய்க்கிருமிகள் மருந்துக்குக் கட்டுப்படாமல் போகவும் இது வழி செய்கிறது.

மாதிரி என்றால் என்ன?

மருந்து உடலில் எங்கே, எவ்வளவு, எத்தனை நேரம் இருக்கும் என்பதைக் கணக்கிட 'உடலியல் சார்ந்த கணித மாதிரி' பயன்படுகிறது. சுவீடன் நாட்டு அறிஞர் டோர்ஸ்டன் டியோரெல் 1937-ல் இதற்கு அடித்தளம் இட்டார்.

கால்வாய்ப் பாசனத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ரத்தம்தான் வாய்க்கால். கல்லீரல், சிறுநீரகம், தசை, கொழுப்பு, மடி ஆகியவை வயல்கள். ஒவ்வொரு வயலுக்கும் பாயும் தண்ணீரின் அளவு வேறு. மணல் நிலத்தில் நீர் நிற்காது, களிமண்ணில் தேங்கும். அதேபோல் சில மருந்துகள் கொழுப்பில் தேங்கும், சில தேங்காது. கல்லீரலும் சிறுநீரகமும் வடிகால்கள். உறுப்புகளின் எடை, ரத்த ஓட்டம், மருந்து தேங்கும் தன்மை, வெளியேறும் வேகம் ஆகியவற்றைக் கணினியில் கொடுத்தால், மணிக்கு மணி மருந்தின் அளவைக் கணிக்கலாம்.

மடி இதில் முக்கியமான வயல். ஒரு லிட்டர் பால் சுரக்க சுமார் 400 முதல் 500 லிட்டர் ரத்தம் மடி வழியே ஓடுகிறது. ஒரு காம்பில் செலுத்திய மருந்தும் ரத்தத்தில் கலந்து மற்ற காம்புகளுக்கு வரக்கூடும். 'மருந்து போட்ட காம்பின் பாலை மட்டும் கீழே ஊற்றினால் போதும்' என்பது தவறு.

இரட்டை டோஸா, நோயுற்ற சிறுநீரகமா?

பாலில் டெட்ராசைக்ளின் வகை மருந்துகளுக்குச் சர்வதேச உணவுத் தர அமைப்பான கோடெக்ஸ் வைத்துள்ள வரம்பு லிட்டருக்கு 100 மைக்ரோகிராம். புரிந்துகொள்ள ஒரு கணக்கு: பாலில் மருந்து 800 மைக்ரோகிராம் இருக்கிறது, 12 மணி நேரத்துக்கு ஒருமுறை அது பாதியாகிறது என்று வைத்துக்கொள்வோம். 800, 400, 200, 100 என்று மூன்று முறை பாதியாக வேண்டும். ஆக 36 மணி நேரம்.

டோஸை இரட்டிப்பாக்கினால் 1600-லிருந்து தொடங்கும். கூடுதலாக ஒருமுறை பாதியானால் போதும், 48 மணி நேரம். ஆனால் அதே பழைய டோஸில், சிறுநீரகம் சரியாக வேலை செய்யாமல் மருந்து பாதியாவதற்கு 24 மணி நேரம் ஆனால்? மொத்தம் 72 மணி நேரம்! டோஸ் கூடியதைவிட, வடிகால் மந்தமானதே அதிக நாளை இழுக்கிறது. கடும் நோயில் படுத்த மாடு, கழிச்சலால் உடலில் நீர் வற்றிய மாடு ஆகியவற்றுக்கு லேபிளில் உள்ள நாள் போதாமல் போகலாம் என்பதற்குக் காரணம் இதுவே. லேபிளில் உள்ள கணக்கு, குறிப்பிட்ட டோஸுக்கும் குறிப்பிட்ட இனக் கால்நடைக்கும் உரியது.

லேபிளில் இல்லாத டோஸுக்கோ, இனத்துக்கோ எத்தனை நாள் என்று சொல்ல இம்மாதிரிகள் உதவுகின்றன. அமெரிக்காவில் 1982 முதல் பல்கலைக்கழகங்கள் சேர்ந்து நடத்தும் 'ஃபராட்' என்ற தரவு வங்கி, கால்நடை மருத்துவர்களுக்கு இந்த ஆலோசனையைத் தருகிறது.

தீவனத்தின் வழியாக வரும் நஞ்சு

ஊசி சில நாளில் நின்றுவிடும். பூஞ்சை பிடித்த தீவனமோ தினமும் உள்ளே போகிறது. அதிலுள்ள அஃப்ளாடாக்சின் பி1, கல்லீரலில் எம்1 ஆக மாறிப் பாலுக்கு வருகிறது. 2018-ல் நடந்த தேசியப் பால் ஆய்வில் எம்1 வரம்பை மீறிய மாதிரிகள் அதிகம் கிடைத்த மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று.

உட்கொண்ட பி1-இல் பொதுவாக 1 முதல் 3 சதவீதம் பாலுக்கு வரும். கிலோவுக்கு 200 மைக்ரோகிராம் நஞ்சுள்ள கடலைப் புண்ணாக்கை மாடு 3 கிலோ தின்றால் 600 மைக்ரோகிராம் உள்ளே போகிறது. அதில் 2 சதவீதம் 12 மைக்ரோகிராம். மாடு 10 லிட்டர் கறந்தால் லிட்டருக்கு 1.2 மைக்ரோகிராம். அனுமதி 0.5 மட்டுமே. பாலைக் காய்ச்சினாலும் இந்த நஞ்சு போகாது. ஆனால் கெட்ட தீவனத்தை நிறுத்தினால் மூன்று, நான்கு நாட்களில் பாலில் நன்றாகக் குறைந்துவிடும்.

நீங்கள் செய்ய வேண்டியவை

• நாள் கணக்கைக் கடைசி ஊசியிலிருந்து தொடங்குங்கள், முதல் ஊசியிலிருந்து அல்ல.

• மருந்து லேபிளில் பால் விலக்குக் காலத்தைப் பாருங்கள். 2012-இல் திருத்திய மருந்து விதிகளின்படி இதை அச்சிட வேண்டும். காலம் குறிப்பிடப்படாத மருந்துக்குப் பாலுக்குக் குறைந்தது 7 நாள், இறைச்சிக்கு 28 நாள்.

• மருந்தின் பெயர், டோஸ், தேதி ஆகியவற்றை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். சிகிச்சையில் உள்ள மாட்டை அடையாளம் வைத்துக் கடைசியாகக் கறவுங்கள். நான்கு காம்புப் பாலையும் தனியே ஒதுக்குங்கள், கன்றுக்கும் கொடுக்க வேண்டாம்.

• டோஸைக் கூட்டியிருந்தாலோ, மாட்டு மருந்தை ஆட்டுக்குப் போட்டிருந்தாலோ, மாடு மிகவும் நலிந்திருந்தாலோ, எத்தனை நாள் கூட்ட வேண்டும் என்று கால்நடை மருத்துவரிடம் கேளுங்கள்.

• புண்ணாக்கு, மக்காச்சோளத்தை நன்கு காயவைத்து, தரையில் படாமல் மரப்பலகை மீது அடுக்குங்கள். பூஞ்சை பிடித்ததை நல்லதோடு கலந்து தீர்க்கப் பார்க்காதீர்கள்.

கீழே ஊற்றும் பால் கண்ணுக்குத் தெரியும் நஷ்டம்தான். மருத்துவச் செலவோடு அதையும் சேர்த்தே கணக்குப் போடுங்கள். உங்கள் பாலை நம்பிக் குழந்தைக்குக் காய்ச்சிக் கொடுக்கும் வீடுகளை நினைத்தால், அந்தச் சில நாள் பொறுப்பது பெரிதல்ல.