சாம்பல் கல்லும் சகோதரர் கேட்ட கேள்வியும்

மாப்பிள்ளையூரணியில் வீடு கட்டத் தொடங்கியுள்ள சகோதரர் ஒருவர் அண்மையில் என்னிடம் ஓர் ஐயத்தை எழுப்பினார். "ஃப்ளை ஆஷ் கல்லில் சுவர் எழுப்பலாம் என்கிறார் கொத்தனார். அது அனல்மின் நிலையத்துச் சாம்பலாமே! அந்தச் சுவர்களுக்குள் பிள்ளைகளை வைத்துக் குடியிருக்கலாமா?"

நியாயமான கேள்வி. இதற்கு மூன்று துறை ஆய்வாளர்கள் விடை தேடியுள்ளனர்.

தூத்துக்குடி அனல்மின் நிலையத்தின் முதல் அலகு 1979-இல் இயங்கத் தொடங்கியது. நம் நாட்டு நிலக்கரியை எரித்தால் நூற்றுக்கு 30 முதல் 40 பங்கு வரை சாம்பலே மிஞ்சும். அதன் மிக நுண்ணிய தூளில் பெரும்பகுதி சிலிக்கா. மூச்சுடன் கலந்தால் அது நுரையீரலின் ஆழம்வரை செல்லும். படிகச் சிலிக்காத் தூசி மனிதருக்குப் புற்றுநோய் விளைவிப்பது என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 1997-இல் வகைப்படுத்தியது. இது மருத்துவம் தரும் எச்சரிக்கை.

பொருளியல்பை ஆராய்வோர் அதே சிலிக்காவின் மறுபக்கத்தைக் காட்டுகின்றனர். சாம்பலுடன் சுண்ணாம்பும் நீரும் சேர்ந்தால் அது இறுகிக் கல்லாகிறது. பண்டைய ரோமானியர் எரிமலைச் சாம்பலைக் கொண்டு உறுதியான கட்டடங்களை எழுப்பியதும் இவ்விதியாலேயே. சாம்பல், சுண்ணாம்பு, ஜிப்சம் ஆகியவற்றால் சூளையின்றிக் கல் செய்யும் முறையை விசாகப்பட்டினத்தைச் சேர்ந்த பானுமதிதாஸ், காளிதாஸ் என்னும் ஆய்வாளர்கள் உருவாக்கினர். இதனால் வயலின் மேல்மண் தப்புகிறது. சூளைப் புகையும் இல்லை. பொஸோலானா சிமெண்டிலும் நூற்றுக்கு 15 முதல் 35 பங்கு வரை இச்சாம்பலே கலக்கப்படுகிறது.

மூன்றாவது, நிறுவனங்களின் பொறுப்பு. சாம்பலைப் பயன்படுத்துவதைக் கட்டாயமாக்கி மத்திய அரசு 1999-இல் ஆணை பிறப்பித்தது. 2021 டிசம்பரில் வெளியான புதிய ஆணை, பயன்படுத்தத் தவறிய ஒவ்வொரு டன்னுக்கும் 1000 ரூபாய் இழப்பீடு விதிக்கிறது. ஆயினும் பள்ளங்களையும் பழைய சுரங்கங்களையும் நிரப்புவதும் 'பயன்பாடு' என்றே கணக்கில் ஏறுகிறது. ஆகவே, 'நூற்றுக்கு நூறு பயன்படுத்திவிட்டோம்' என்று ஒரு நிறுவனம் அறிவித்தால், அச்சாம்பல் எங்கே போயிற்று, வழியில் அதன் தூசியை யார் சுவாசித்தார்கள் என்பதையும் சேர்த்தே கேட்க வேண்டும்.

சகோதரருக்கு நான் சொன்ன விடை இதுதான்: "தாராளமாகக் கட்டுங்கள். இறுகிய கல்லுக்குள் தூள் கட்டுண்டு கிடக்கிறது. ஆனால் நன்கு நீர் விட்டு முதிரச் செய்த கல்லா என்று பார்த்து வாங்குங்கள். கையில் பொடிப்பொடியாய் உதிர்வதை வாங்காதீர்கள். பூச்சு வேலையை அரைகுறையாய் விடாதீர்கள். கல்லை வெட்டும்போதும் துளையிடும்போதும் நனைத்துக் கொள்ளச் சொல்லுங்கள்; பிள்ளைகளை அருகில் விடாதீர்கள்."

விடை கேட்டு நிம்மதியடைந்தவர், சற்று யோசித்துவிட்டு, "கல் அறுக்கும் களத்தில் நாள் முழுதும் சாம்பல் கொட்டுகிறவர்களின் கதி?" என்றார்.

முதல் கேள்வியைவிட இதுவே பெரிய கேள்வி. நம் சுவருக்குள் அடங்கிவிட்ட தூசி, அவர்களுக்கு இன்னும் காற்றில்தான் இருக்கிறது. கல் வாங்கச் செல்லும் நாம், விலையை விசாரிக்கும் அதே வாயால், "வேலையாட்களுக்கு முகக்கவசம் கொடுக்கிறீர்களா? சாம்பல் லாரியைத் தார்ப்பாய் போட்டு மூடுகிறீர்களா?" என்றும் விசாரிப்போம். வாங்குகிறவர் கேட்கத் தொடங்கினால் விற்கிறவர் செய்யத் தொடங்குவார்.