பென் டிரைவுக்குப் பூட்டு... சாவி யாரிடம்?

2011 செப்டம்பர் 15. திருவள்ளூர் அருகே காக்களூரில், மாணவர்களுக்கு விலையில்லா லேப்டாப் வழங்கும் திட்டத்தை அன்றைய முதல்வர் ஜெயலலிதா தொடங்கி வைத்தார். அந்த லேப்டாப்களில் விண்டோஸோடு, சி-டாக் உருவாக்கிய ‘பாஸ்’ லினக்ஸும் இருந்தது. பலருக்கு லினக்ஸ் அறிமுகமானது அப்படித்தான்.

அன்றைய மாணவர்கள் இன்று வேலைக்குப் போகிறார்கள். ஆதார் நகல், மார்க் ஷீட், குடும்ப போட்டோ எல்லாம் இருக்கும் பென் டிரைவ், கும்மிடிப்பூண்டி சிப்காட் பஸ்ஸில் தொலைந்தால்?

அதற்குத்தான் லினக்ஸில் ‘லக்ஸ்’ என்ற பூட்டு இருக்கிறது. ‘டிஸ்க்ஸ்’ செயலியில் பென் டிரைவை ஃபார்மேட் செய்யும்போது, பாஸ்வேர்டு பாதுகாப்பை டிக் செய்தால் போதும். பழைய ஃபைல்கள் அழிந்துவிடும். முதலில் வேறிடத்தில் காப்பி எடுத்துவிடுங்கள்.

பிறகு செருகும்போதெல்லாம் பாஸ்வேர்டு கேட்கும். சரியாகக் கொடுத்தால், சாதாரண யூஸரே திறக்கலாம். அட்மின் உரிமை தேவையில்லை. கம்ப்யூட்டருக்குள் இருக்கும் ஹார்டு டிஸ்க்கைப் பூட்டியிருந்தால்தான், பெரும்பாலும் அட்மின் பாஸ்வேர்டும் கேட்கும். விண்டோஸில் இந்தப் பூட்டு நேரடியாகத் திறக்காது.

எல்லாவற்றையும்விட முக்கியம்: பாஸ்வேர்டு மறந்தால் சர்வீஸ் கடைக்காரராலும் திறக்க முடியாது. அதனால் அட்மின் உரிமையோடு, ‘கிரிப்ட்செட்டப்’ கட்டளை மூலம் இன்னொரு பாஸ்வேர்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒன்று உங்கள் மனதில். மற்றொன்று, எழுதி வீட்டு பீரோவில்!