அளவுகோலே காணாமல் போனபோது

எம்.ஆர்.ஐ. எடுத்தால் மூளையின் படம் வரும் என்பது எல்லோருக்கும் தெரியும். அதே இயந்திரத்திடம், மூளைக்குள் எந்த வேதிப்பொருள் எவ்வளவு இருக்கிறது என்றும் கேட்கலாம். ஊசியோ கத்தியோ வேண்டாம். இந்த முறைக்கு எம்.ஆர். ஸ்பெக்ட்ராஸ்கோப்பி என்று பெயர். பிறவியிலேயே ஏதோ ஒரு நொதி சரியாக வேலை செய்யாத குழந்தைகளிடம் இதன் பயன் பெரிது.

காந்தப்புலத்தில் வைத்த ஹைட்ரஜன் அணுக்கரு ரேடியோ அலைக்குப் பதில் தரும். அது எந்த மூலக்கூறில் உட்கார்ந்திருக்கிறதோ, அதைப் பொறுத்து அந்தப் பதிலின் அதிர்வெண் இம்மியளவு மாறும். மூளையில் சில கன சென்டிமீட்டர் இடத்தைக் குறித்துக்கொண்டு, நீரின் சமிக்ஞையை முதலில் அடக்க வேண்டும். இல்லாவிட்டால் மற்றதெல்லாம் அதில் மூழ்கிவிடும். பிறகு ஒவ்வொரு பொருளும் வரைபடத்தில் தன் இடத்தில் முகடாக எழும். நரம்பணுக்களில் நிறைந்த என்.ஏ.ஏ. (என்-அசிட்டைல் அஸ்பார்ட்டேட்) அதிர்வெண் அச்சில் 2.0 பி.பி.எம். என்ற இடத்தில், கிரியேட்டின் 3.0-இல். கனவான் நோயில் என்.ஏ.ஏ.வைச் சிதைக்கும் நொதி இல்லாததால் அந்த முகடு ஓங்கி நிற்கும். செல்களின் ஆற்றல் உற்பத்தி கெடும் லீ நோயில் 1.3-ஐ ஒட்டி லாக்டேட் இரட்டைப் பல்லாகத் தலைகாட்டுவதுண்டு.

கிரியேட்டின் அளவு பெரிதாக மாறாது என்று நம்பி, மற்ற முகடுகளை அதோடு ஒப்பிட்டுச் சொல்வதே வழக்கமாக இருந்தது. 1994இல் ஜெர்மனியின் கோட்டிங்கனில் சில்வியா ஸ்டாக்லரும் சக மருத்துவர்களும் வெளியிட்ட ஆய்வில், வளர்ச்சி குன்றி, கைகால் அசைவுகள் கட்டுப்பாடின்றி இருந்த ஒரு குழந்தையின் வரைபடத்தில் அந்த அளவுகோலையே காணவில்லை. கிரியேட்டின் தயாரிப்பின் கடைசிப் படியைச் செய்யும் ஜி.ஏ.எம்.டி. நொதியில் குறை. வாய்வழியாகக் கிரியேட்டின் கொடுத்தார்கள். ஜிம்முக்குப் போகிறவர்கள் பாலில் கலக்கிக் குடிக்கும் அதே பொருள்தான். மாதக்கணக்கில் முகடு மெல்ல எழுந்தது, குழந்தையும் தேறியது. ஒரு புதிய நோயும் அதற்கான மருந்தும் ஏறத்தாழ ஒரே மூச்சில் கிடைப்பது மருத்துவத்தில் அபூர்வம்.

பின்னர் இதே வெற்றிடத்துக்கு இன்னும் இரண்டு காரணங்கள் தெரியவந்தன. ஒன்று, தயாரிப்பின் முதல் படியில் கோளாறு. இதற்கும் கிரியேட்டின் கைகொடுக்கிறது. மற்றது, கிரியேட்டினை மூளைக்குள் ஏற்றும் புரதத்தில் கோளாறு. பெரும்பாலும் ஆண் குழந்தைகளைக் கடுமையாகத் தாக்குவது. இதில் பவுடரைக் கொடுத்தாலும் முகடு அநேகமாக எழாது. வரைபடம் மூன்றுக்கும் ஒன்றுபோலவே இருக்கும். பிரித்துச் சொல்லச் சிறுநீர், ரத்தப் பரிசோதனையும் மரபணுச் சோதனையும் வேண்டும்.