வெட்டுத் துணியில் விரிந்த தாராவி

தையல் கூடத்தில் கட்டிங் மாஸ்டர் ஒரு சட்டைக்குத் துணி வெட்டினால், கழுத்து ஓரத்திலும் கைக்குழி ஓரத்திலும் துண்டுகள் மிஞ்சும். அவை மேஜையடியில் விழும். மாலையில் கோணிப்பையில் ஏறும். எடைக்குப் போகும், இல்லாவிட்டால் குப்பைக்குப் போகும். தாராவியில் தினமும் நடக்கும் காரியம் இது.

துணித் துண்டுகளை இணைத்துத் தாராவியையே ஒரு சித்திரமாக்கிக் காட்டினார்கள், அங்குள்ள பெண்கள்.

2015-ம் ஆண்டு பிப்ரவரி, மார்ச் மாதங்களில் 'தாராவி பினாலே' என்ற கலை விழா நடந்தது. நடத்தியது 'ஸ்னேஹா' என்ற தொண்டு நிறுவனம். சயான் ஆஸ்பத்திரியில் பச்சிளங்குழந்தை மருத்துவராகப் பணியாற்றி, டீனாகவும் இருந்த டாக்டர் அர்மிடா பெர்னாண்டஸ் 1999-ல் தொடங்கியது அது. மக்களின் உடல்நலம் பற்றிக் கலை மூலம் பேசுவதே விழாவின் நோக்கம்.

அதில் ஒரு படைப்பு 'மேப்பிங் தி ஹர்ட்'. காயத்தின் வரைபடம் என்று பொருள். எம்பிராய்டரிக் கலைஞர் ஸூசி விக்கரியின் வழிகாட்டுதலில் தாராவிப் பெண்கள் துணியால் செய்த நிலப்படம் அது. பெண்கள் எங்கே, எவ்விதமாகத் துன்புறுத்தப்படுகிறார்கள் என்பது அதில் குறிக்கப்பட்டிருந்தது.

ஊரில் உள்ள கலைதான்

துண்டுகளைச் சேர்த்துச் சித்திரம் ஆக்குவதை மேல்நாட்டார் 'கொலாஜ்' என்பார்கள். பிக்காசோ, பிராக் ஆகிய ஓவியர்கள் 1912-ல் காகிதத்தையும் துணியையும் படத்தில் ஒட்டிய பிறகு அந்தப் பெயர் உலகெங்கும் பரவியது.

பெயர் புதிது, வேலை பழையது. தஞ்சைப் பக்கத்தில் தேரிலும் சப்பரத்திலும் தொங்கும் தொம்பைகளைப் பார்க்காதவர் யார்? சிவப்புத் துணிமேல் வெள்ளை, மஞ்சள், பச்சைத் துண்டுகளை வைத்துத் தைத்து அன்னமும் கிளியும் தாமரையும் யாளியும் செய்வார்கள். மகாராஷ்டிரத்துப் பாட்டிமார் பழஞ்சேலைகளை அடுக்கி 'கோதடி' தைப்பார்கள். மேல் அடுக்கில் கிடைத்த துண்டெல்லாம் சேரும்போது அதுவே ஒரு படமாகிவிடும்.

இலை இல்லாத மரம்

இயற்கைக் காட்சியைத் துணியில் கொண்டுவரும் கலைஞர்கள் மரத்தை மரமாக வெட்டி ஒட்டுவதில்லை. நிறத்தையும் நெசவையும் மட்டும் எடுத்துக்கொள்கிறார்கள். இதைத்தான் அரூபச் சித்திரம் என்கிறோம்.

மான்குர்டிலிருந்து வாஷிக்கு ரயிலில் போகும்போது கழிமுகப் பாலத்தில் ஜன்னலோரம் நின்று பார்த்தால் இது விளங்கும். மேலே சாம்பல் வானம். நடுவே பளபளக்கும் தண்ணீர். கீழே கறுத்த சேறு. ஓரத்தில் அலையாத்திச் செடிகளின் பச்சை. பனிக்காலமானால் பூநாரைகளின் இளஞ்சிவப்பு ஒரு கோடு. இந்த ஐந்து நிறத்தில் ஐந்து துண்டு போதும், காட்சி வந்துவிடும்.

செய்முறையும் எளிது. துவைத்துச் சுருங்கிய காடாத்துணியை அடித்துணியாக விரித்துக்கொள்ள வேண்டும். தூரத்து மலைக்கு வாயில் போன்ற மெல்லிய, வெளிறிய துணி. அருகில் உள்ள மண்ணுக்கு ஜீன்ஸ் போன்ற முரட்டுத் துணி. தண்ணீருக்குச் சாட்டின். கத்தரியால் வெட்டிய ஓரம் நேராக நிற்கும். கட்டடத்துக்கு அது பொருந்தும். கையால் கிழித்த ஓரத்தில் நூல் பிரியும். மேகத்துக்கும் அலைக்கும் அதுவே அழகு.

முதலில் குண்டூசியால் குத்தி வைத்து, ஆறடி தள்ளி நின்று பார்க்க வேண்டும். மனதுக்குச் சரியென்று பட்ட பிறகே ஊசி எடுக்கலாம். வரிசை வரிசையாக ஓடும் ஓட்டுத்தையல், வயலில் உழுசாலாகத் தெரியும். நீரில் அலையாகத் தெரியும். நவராத்திரிக் கொலுவின் பக்கத்தில் மலையும் குளமும் அமைத்துப் பழகிய மாட்டுங்கா, செம்பூர் இல்லத்தரசிகளுக்கு இது கைவந்த வேலை.

முகம் இல்லை, இடம் உண்டு

தாராவிப் பெண்களின் நிலப்படம் அழகுக்காக மட்டும் செய்யப்பட்டதல்ல. அங்கேதான் இந்தக் கலையின் வலிமை தெரிகிறது.

தாராவி இரண்டு சதுர கிலோமீட்டருக்குச் சற்றே கூடுதலான இடம். மாகிம் கழியோரத்தில் கோலி மீனவர்களின் ஊராக இருந்தது. நெல்லைச் சீமையிலிருந்து வந்தவர்கள் தோல் பதனிட்டார்கள். குஜராத்திலிருந்து வந்த குயவர்கள் கும்பார்வாடாவை அமைத்தார்கள். சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள். பக்கத்து வீட்டுச் சண்டை எல்லார் காதிலும் விழும். ஆனால் யாரும் வாய் திறப்பதில்லை. அடிபட்டவளும் 'வழுக்கி விழுந்தேன்' என்பாள். பெயர் சொன்னால் குடும்ப மானம் போகும் என்ற பயம்.

நிலப்படத்தில் பெயர் வேண்டியதில்லை. இலையை வரையாமல் மரத்தைக் காட்டுவதுபோல, ஒருத்தியின் முகத்தைக் காட்டாமல் அவள் துன்பத்தைக் காட்டலாம். 'இந்த வட்டாரத்தில் இது நடக்கிறது' என்று ஒரு துண்டுத் துணி சொல்லிவிடுகிறது. பார்ப்பவர் மறுக்க முடியாது. எங்கே உதவி தேவை என்பதும் தெரிந்துவிடுகிறது.

பெண்கள் வட்டமாக உட்கார்ந்து தைக்கும்போது கண் ஊசியில் இருக்கும். எதிரில் இருப்பவர் முகத்தைப் பார்த்துப் பேசவேண்டிய சங்கடம் இல்லை. பல நாள் அடக்கிய பேச்சு அப்போது தானாக வரும். பீஸ் கணக்கில் கூலி வாங்கும் அதே கைகள்தாம் இங்கே தங்களுக்காகத் தைத்தன. கோணிப்பைக்குப் போகும் துண்டுக்கும் இப்படி ஒரு பயன் உண்டு என்பதை வீட்டில் உள்ள பெண்களுக்கு எடுத்துச் சொல்லலாம். ஆண்களும் கேட்டுக்கொள்வது நல்லது.