வாசகரே வழங்கும் பரிசில்

ஒரு நூலின் தகுதியைச் சீர்தூக்கிப் பரிசில் வழங்குதற்கு உரியார் யாவர்? பண்டைக் காலத்தில் அரசரும் அவைக்களப் புலவரும் அப்பணியை மேற்கொண்டனர். இக்காலத்தில் அறிஞர் குழுவினர் மேற்கொள்கின்றனர். பொருள் கொடுத்து நூலை வாங்கிப் படிக்கும் வாசகர்க்கு அவ்வவையில் பெரும்பாலும் இடமில்லை. இவ்வழக்கிற்கு மாறாக, வாசகர்களே ஒன்றுகூடி வாக்களித்துப் பரிசில் வழங்கும் முறையொன்று அமெரிக்காவில் தோன்றி, எழுபது ஆண்டுகளுக்கு மேலாக நடந்து வருகின்றது. உலக விஞ்ஞானக் கதை மகாநாட்டில் அளிக்கப்படும் ஹியூகோ பரிசிலே அஃதாம்.

விஞ்ஞானக் கதையாவது, விஞ்ஞானக் கருத்துக்களை அடிப்படையாகக் கொண்டு, நிகழக்கூடுவனவற்றைக் கற்பனையாற் புனைந்துரைப்பது. லக்ஸம்பர்க் நாட்டிற் பிறந்து அமெரிக்காவிற் குடியேறிய ஹியூகோ கெர்ன்ஸ்பாக் என்பார், 1926-ஆம் ஆண்டில் இத்தகைய கதைகளுக்கென்றே 'அமேஸிங் ஸ்டோரீஸ்' என்னும் பத்திரிகையைத் தொடங்கினார். வாசகர் எழுதிய கடிதங்களை விலாசத்துடன் அவர் வெளியிட்டமையால், ஒருவரையொருவர் அறியாதிருந்த அன்பர்கள் கடிதத் தொடர்பு கொண்டு, பல ஊர்களிற் சங்கங்கள் நிறுவினர். 1939-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில், உலகப் பொருட்காட்சி நிகழ்ந்துகொண்டிருந்த நியூயார்க் நகரில், ஏறத்தாழ 200 பேர் கூடி முதல் மகாநாட்டை நடத்தினர். போரின் காரணமாக 1942 முதல் 1945 வரை தடைப்பட்ட மகாநாடு, 1946-இல் மீண்டும் கூடிற்று. 1953-இல் பிலடெல்பியா நகரிற் கூடியபோது, ராக்கெட் வடிவிலமைந்த பரிசில் முதன்முறையாக வழங்கப்பெற்றது. கெர்ன்ஸ்பாக்கின் பெயரே அதற்கு வழங்கலாயிற்று.

பரிசில் வழங்கும் முறை அறியத்தக்கது. சந்தா செலுத்திய அங்கத்தினர், ஒவ்வொரு பிரிவிலும் தாம் விரும்பும் ஐந்து நூல்கள் வரை முன்மொழியலாம். மிகுந்த ஆதரவு பெற்ற ஆறும் இறுதிப் பட்டியலிற் சேரும். பின்னர் அவற்றை முதலாவது, இரண்டாவது என வரிசைப்படுத்தி வாக்களிப்பர். யாதொன்றும் தகுதியுடையதன்று எனக் கருதுவோர், 'பரிசில் இல்லை' என்றும் வாக்களிக்கலாம். மகாநாட்டை நடத்துவோர் ஊதியம் பெறாத தொண்டர்களேயாவர்.

இனி, இம்முறைக்கு நேர்ந்த சோதனைகளை நோக்குவோம். 2015-இல் சிலர் முன்னரே கூடிப் பேசி ஒரே பட்டியலை முன்மொழிந்து, இறுதிப் பட்டியலின் பெரும்பகுதியைக் கைப்பற்றினர். அங்கத்தினரோ ஐந்து பிரிவுகளில் 'பரிசில் இல்லை' எனத் தீர்ப்பளித்தனர். அவ்வாண்டிலேயே சீன ஆசிரியர் லியூ சிசின் எழுதிய நாவலின் ஆங்கில மொழிபெயர்ப்புப் பரிசில் பெற்றது. மொழிபெயர்ப்பு நாவலொன்று அச்சிறப்பை எய்தியது அதுவே முதன்முறை.

2023-இல் சீன நாட்டுச் செங்டு நகரில் நேர்ந்ததோ இதனினும் வருந்தத்தக்கது. போதிய ஆதரவு பெற்ற சில படைப்புக்கள், காரணங் கூறப்படாமலே தகுதியற்றன என விலக்கப்பட்டன. வாக்குக் கணக்கு முழுவதையும் வெளியிடல் வேண்டும் என்பது மகாநாட்டின் விதி. 2024 ஜனவரியில் அக்கணக்கு வெளிவந்ததும், வாசகர்கள் அதனைக் கூர்ந்து நோக்கிக் குறையை வெளிப்படுத்தினர். அவ்வாண்டு ஸ்காத்லாந்து நாட்டுக் கிளாஸ்கோ நகரில் மகாநாட்டை நடத்தியோர், போலியெனக் கண்ட 377 வாக்குகளை நீக்கி, அதற்குரிய காரணத்தையும் பலரறிய அறிவித்தனர்.

பலர் கூடித் தீர்ப்பளிக்கும் முறையிற் பிழை நேர்தல் கூடும். ஆயினும், கணக்கை மறையாது வெளியிடும் விதியும், அதனைச் சோம்பலின்றி ஆராயும் வாசகரும் உள்ளவரை, அப்பிழை நெடுநாள் மறைந்திராது. மாணவர் சங்கத் தேர்தல் முதலாக வாக்களிக்கும் உரிமை பெற்ற நாமனைவரும் இதனைச் சிந்தித்தல் நலம்.