சாணைக் கல்லையும் தட்டிப் பாருங்க! உளி தீட்டும் கிரைண்டருக்கு வீல் தேர்வு செய்வது, மாட்டுவது எப்படி?

மாமல்லபுரத்தில் சிற்பக் கூடங்கள் இருக்கும் தெருவில் நடந்தால் உளிச் சத்தம் காதில் விழாமல் இருக்காது. 1957-ல் தொடங்கிய அரசு சிற்பக் கல்லூரியும், 2017-ல் கிடைத்த புவிசார் குறியீடும் இந்த ஊர்க் கல் சிற்பத்துக்குப் பெருமை. ஆனா, கருங்கல்லில் அடிக்க அடிக்க உளி முனை மழுங்கிக்கிட்டேதான் இருக்கும். முன்பு உலையில் காய்ச்சித் தட்டி, சாணை பிடிப்பதுதான் வழக்கம். இன்று அந்தச் சாணையை மோட்டார் சுற்றுகிறது. அதுதான் பெஞ்ச் கிரைண்டர்.

வீல் தேய்ந்தால், கடையில் கிடைத்ததை வாங்கி மாட்டிவிடலாம் என்று நினைப்பது தப்பு. ஏன்?

மணிக்கு 80 கி.மீ. வேகம்

6 அங்குல வீல் நிமிடத்துக்கு சுமார் 2,900 சுற்று சுற்றும்போது, அதன் விளிம்பு மணிக்கு ஏறத்தாழ 80 கி.மீ. வேகத்தில் ஓடுகிறது. விரிசல் விட்ட வீல் அந்த வேகத்தில் உடைந்தால், துண்டுகள் முகத்துக்கு நேராகப் பறந்து வரலாம். கண் போனால் சிற்பிக்குத் தொழிலே போச்சு.

எந்த உளிக்கு எந்தக் கல்?

சாதாரண எஃகு உளிக்கு அலுமினியம் ஆக்சைடு வீல். பெரும்பாலும் சாம்பல் அல்லது வெள்ளை நிறத்தில் இருக்கும். முனையில் டங்ஸ்டன் கார்பைடு வைத்த உளிக்கு, பச்சை நிற சிலிக்கான் கார்பைடு வீல். கார்பைடை சாம்பல் வீலில் தேய்த்தால், உளி தீராது, வீல்தான் தேயும்.

வீல் மேல் 'ஏ 60 கே 5 வி' மாதிரி ஒரு குறி இருக்கும். முதல் எழுத்து கல்லின் வகை. 60 என்பது மணியின் அளவு: எண் கூடக் கூட மணி நைஸ். உடைந்த முனையைச் சரிசெய்ய 36, வழக்கமாகத் தீட்ட 60 முதல் 80 வரை போதும். 'கே' என்பது வீலின் இறுக்கம். கடினமான உலோகத்துக்கு மென்மையான வீல்தான் சரி. மழுங்கிய மணிகள் உதிர்ந்து புதுசு வெளியே வரும்.

முக்கியமாக, வீலில் போட்டிருக்கும் அதிகபட்ச வேகம் கிரைண்டரின் வேகத்தைவிடக் குறைவாக இருக்கவே கூடாது.

மாட்டும் முன்: ஓசை சோதனை

சிலைக்குக் கல் எடுக்கும்போது சிற்பி தட்டி ஓசை கேட்பார் இல்லையா? இங்கேயும் அதேதான். காய்ந்த வீலை ஒரு விரலில் தொங்கவிட்டு, ஸ்க்ரூ டிரைவரின் கைப்பிடியால் லேசாகத் தட்டுங்க. மணி மாதிரி கணீர்னு கேட்டால் நல்லது. 'டப்'புனு அடங்கிய சத்தம் வந்தால், உள்ளே விரிசல் இருக்கலாம். காசு போனாலும் பரவாயில்லை, மாட்டாதீங்க.

மாட்டும் முறை

* முதலில் பிளக்கைப் பிடுங்குங்க. சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது.
* கிரைண்டர் முன் நின்று பார்த்தால், வலப்பக்க நட் வழக்கமான மரை. இடப்பக்கம் எதிர் மரை. இடப்பக்க நட்டைக் கழற்ற வலஞ்சுழியாகத் திருப்பணும்.
* வீல் தண்டில் தளர்வாக, ஆனால் ஆடாமல் நுழையணும். சுத்தியால் தட்டி ஏற்றக் கூடாது.
* இரு பக்கமும் உள்ள அட்டை வாஷரைக் கிழிக்காதீங்க. பிளேட் இறுக்கத்தைச் சமமாகப் பரப்புவது அதுதான்.
* கடற்கரை ஊர் என்பதால் பிளேட்டில் துரு ஏறும். துடைத்துவிட்டு மாட்டுங்க.
* நட்டை அளவோடு இறுக்குங்க. முரட்டுத்தனமாக இறுக்கினாலும் வீல் விரியும்.
* உளி வைக்கும் தாங்கிக்கும் வீலுக்கும் இடைவெளி 3 மி.மீ.க்கு மேல் போகக் கூடாது. போனால் உளி இடையில் சிக்கிக்கொள்ளும்.

கவரை மூடி, ஓரமாக நின்று ஒரு நிமிடம் சும்மா ஓடவிடுங்க. பிறகுதான் வேலை.

தீட்டும்போது

வீலின் முகத்தில்தான் தீட்டணும், பக்கவாட்டில் அழுத்தக் கூடாது. எஃகு முனை நீலமாக மாறினால் பதம் இறங்கிவிட்டது என்று அர்த்தம். அடிக்கடி தண்ணீரில் நனைக்கணும். ஆனா, சூடான கார்பைடு முனையை சட்டென்று தண்ணீரில் முக்கினால் விரிசல் விடும். அதைத் தானாக ஆறவிடுங்க. வீலின் முகம் பளபளன்னு மாறினால், டிரஸ்ஸர் வைத்து மேல் பரப்பைச் சீவிவிட்டால் மறுபடி நல்லா தீட்டும்.

கண்ணாடி கட்டாயம். மூக்குக்குத் தூசிக் கவசமும் வேணும். கையுறையும் தொங்கும் துண்டும் வேண்டாம்; வீல் பிடித்து இழுத்துவிடும்.

உளி தீட்ட ஆகும் நேரம் இரண்டு நிமிடம். வீலைத் தட்டிப் பார்க்க அரை நிமிடம்கூட ஆகாது.