தையல் மெஷின் கொடுத்தா போதுமா? உதவித்தொகை வாங்குவோருக்கு வேலைப் பயிற்சி... திட்டம் போடுவது எப்படி?

கிருஷ்ணகிரி:-

விதவை பென்ஷன், வேலையில்லாதோர் உதவித்தொகை, 100 நாள் வேலை. இப்படி அரசு கொடுக்கிற பணத்தை நம்பி அடுப்பு எரியும் வீடுகள் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஏராளம். இவர்களுக்கு ஒரு தொழிலைக் கற்றுக்கொடுத்து, சொந்தக் காலில் நிற்க வைக்கணும் என்று மத்திய அரசும் சொல்கிறது, மாநில அரசும் சொல்கிறது. திட்டம் இருக்கு. பயிற்சி நிலையம் இருக்கு. சாப்பாடு போட்டு இலவசமாக சொல்லிக்கொடுக்க ஆளும் இருக்கு.

ஆனாலும் பயிற்சி முடித்து சர்டிபிகேட் வாங்கின பெண்கள் பலர், மறுபடியும் மண்வெட்டியும் பாண்டுமாக ஏரி வேலைக்கே திரும்புகிறார்கள். சர்டிபிகேட் டிரங்குப் பெட்டியில் தூங்குது.

இது ஏன்? ஒரு ஊராட்சியிலோ, ஒரு ஒன்றியத்திலோ உருப்படியாக பயிற்சி நடத்தணும் என்றால் எப்படி திட்டம் போடணும்? இதுபற்றிய விவரம் வருமாறு:-

தலைகீழ் வரிசை

பொதுவா என்ன நடக்குது? "இந்த வருஷம் இத்தனை பேட்ச் நடத்தணும்" என்று மேலே இருந்து இலக்கு வருகிறது. எந்த மாஸ்டர் கிடைக்கிறாரோ அந்தப் பயிற்சி முடிவாகிறது. பிறகு குழுக்களில் சொல்லி ஆள் சேர்க்கிறார்கள். பயிற்சி முடிந்த பிறகு தான் "சரி, வேலை எங்கே?" என்ற கேள்வியே வருகிறது.

இந்த வரிசையை அப்படியே திருப்பிப் போடணும். முதலில் வேலை எங்கே இருக்கு என்று பார்க்கணும். அடுத்து அந்த வேலைக்குப் போகக்கூடியவர் யார் என்று பார்க்கணும். கடைசியில் தான் பயிற்சி. இந்த ஒரு விஷயம் சரியாக இருந்தால் பாதி கிணறு தாண்டிய மாதிரி.

முதல் வேலை: ஆளைப் பிரிக்கணும்

உதவித்தொகை வாங்குறவங்க எல்லாரும் ஒரே மாதிரி இல்லை.

முதியோர் பென்ஷன் வாங்குவது 60 வயது தாண்டியவர்கள். அவர்களை பயிற்சிக்கு வா என்று கூப்பிடுவது நியாயமே கிடையாது. அந்தப் பட்டியலைத் தனியாக எடுத்து வைத்துவிடணும்.

விதவை, கணவனால் கைவிடப்பட்ட பெண்கள் இன்னொரு வகை. இவர்களில் 25, 30 வயதுப் பெண்களும் இருக்காங்க. ஸ்கூல் போகும் பிள்ளைகள் இருக்கு. மாத பென்ஷன் 2023 ஆகஸ்டில் தான் ரூ.1,000-ல் இருந்து ரூ.1,200 ஆனது. இதை வைத்து மட்டும் குடும்பம் ஓடாது என்பதால், இவர்கள் ஏற்கனவே ஏதோ ஒரு கூலி வேலைக்குப் போய்க்கொண்டு தான் இருப்பாங்க.

மூன்றாவது, எம்ப்ளாய்மெண்ட் ஆபீசில் பதிந்து 5 வருஷம் காத்திருந்து உதவித்தொகை வாங்கும் இளைஞர்கள். 10-ம் வகுப்பு பெயில் ஆனவர்களுக்கு மாதம் ரூ.200, பாஸ் என்றால் ரூ.300, பிளஸ்-2 முடித்தவர்களுக்கு ரூ.400, டிகிரிக்கு ரூ.600 என்ற கணக்கில் 3 வருஷம் கொடுக்கும் திட்டம் இது. 3 மாதத்துக்கு ஒரு தடவை பேங்கில் விழும். பிளஸ்-2 பையனுக்கு 3 மாதத்துக்கும் சேர்த்து ரூ.1,200 தான்.

நாலாவது, 100 நாள் வேலைக்குப் போனவர்கள். இதில் 20 வயசும் உண்டு, 70 வயசும் உண்டு. 2005-ல் வந்த இந்தச் சட்டத்துக்குப் பதிலாக 125 நாள் வேலை என்று புதிய சட்டத்தை 2025 டிசம்பரில் பாராளுமன்றம் நிறைவேற்றியது தெரிந்ததே.

இந்த நாலு வகையையும் ஒரே ஹாலில் உட்கார வைத்து ஒரே பயிற்சி கொடுத்தால் யாருக்குமே ஒட்டாது. வயசு, படிப்பு, பிள்ளைகள், வீட்டில் இருந்து எவ்வளவு தூரம் போக முடியும் என்று நாலு கேள்வி கேட்டு பட்டியல் எடுத்தாலே பாதி விஷயம் தெளிவாகிவிடும். இந்த வேலைக்கு மகளிர் குழுக்களை விட்டால் வேறு ஆள் கிடையாது. எந்த வீட்டில் என்ன கஷ்டம் என்று அவர்களுக்கு தான் தெரியும்.

இரண்டாவது: வேலை எங்கே இருக்கு?

கிருஷ்ணகிரி மாவட்டத்தில் வேலை இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. ஓசூரில் அசோக் லேலண்ட், டி.வி.எஸ்., டைட்டன் என்று பெரிய கம்பெனிகள், அவற்றைச் சுற்றி சின்னச் சின்ன பட்டறைகள். போச்சம்பள்ளியில் எலக்ட்ரிக் ஸ்கூட்டர் பேக்டரி. ஓசூர் பக்கம் செல்போன் பாகம் தயாரிக்கும் கம்பெனி. பர்கூர் சிப்காட் வேறு.

ஆனால் செல்போன் பாகம் கம்பெனியில் வேலைக்கு எடுப்பது பெரும்பாலும் பிளஸ்-2 முடித்த சின்ன வயசுப் பெண்களை. 38 வயதில், 5-ம் வகுப்போடு நின்ற ஒரு அம்மாவுக்கு அந்த கேட் திறக்காது. "மாவட்டத்தில் தான் இவ்வளவு கம்பெனி இருக்கே" என்று சொல்லி அந்த அம்மாவுக்கு திட்டம் போட முடியாது.

அவருக்கு வேறு கணக்கு போடணும். மாவட்டத்தில் மாம்பழக் கூழ் பேக்டரிகள் இருக்கு. சீசனில் ஆள் தேவை அதிகம். சீசன் முடிந்தால் வேலையும் முடிந்தது. மீதி மாதத்துக்கு என்ன வழி? கறவை மாடு வளர்க்கத் தெரிந்தால் பால் சொசைட்டி இருக்கு. ஆஸ்பத்திரிகளில் நோயாளியைப் பார்த்துக்கொள்ளும் உதவியாளர் வேலை இருக்கு. ஓசூர் பக்கம் ரோஜாத் தோட்டங்கள் இருக்கு. ராயக்கோட்டை தக்காளியை ஊறுகாயாகவோ தொக்காகவோ போட்டு பாக்கெட்டில் அடைக்கலாம். ஆனால் வாங்க கடை முதலில் சிக்கணும்.

எனவே திட்டம் போடும் கமிட்டி முதல் 2 வாரம் பயிற்சி பேச்சே எடுக்கக்கூடாது. 20 கி.மீ. சுற்றளவில் உள்ள கம்பெனி, ஆஸ்பத்திரி, கடை, பட்டறை எல்லாம் ஏறி இறங்கி 3 கேள்வி கேட்கணும். எத்தனை பேர் வேணும்? என்ன தெரிஞ்சிருக்கணும்? சம்பளம் எவ்வளவு? இந்த மூன்றுக்கும் பதில் வராத பயிற்சியை நடத்தவே வேண்டாம்.

தையல் கதை

பெண்களுக்குப் பயிற்சி என்றாலே தையல் என்று ஆகிவிட்டது. தையல் நல்ல தொழில் தான். ஆனால் ஒரு சின்ன கிராமத்தில் ஏற்கனவே 2 டெய்லர் இருக்கும்போது இன்னும் 30 பேருக்கு ஜாக்கெட் தைக்கச் சொல்லிக்கொடுத்தால் என்ன ஆகும்? தைக்கக் கொடுக்கும் ஜாக்கெட் கூடாது. கூலி தான் இறங்கும்.

அதே தையலை வேறு மாதிரியும் பார்க்கலாம். அரசுப் பள்ளி பிள்ளைகளுக்கான இலவச சீருடையை சமூகநலத் துறையின் கீழ் உள்ள மகளிர் தையல் கூட்டுறவு சங்கங்கள் தான் தைத்துக் கொடுக்கின்றன. அதில் சேர முடியுமா, எத்தனை பேருக்கு இடம் இருக்கு என்று முன்கூட்டியே பேசி வைத்துவிட்டு அந்த எண்ணிக்கைக்கு மட்டும் பயிற்சி கொடுத்தால், கற்ற கை சும்மா இருக்காது.

மூன்றாவது: 30 நாள் வீட்டுச் செலவு யார் தருவது?

பல திட்டங்கள் கவிழும் இடம் இது தான்.

கூலிக்குப் போகும் ஒரு பெண்ணுக்கு ஒரு நாள் லீவு என்றால் அன்றைக்கு காசு இல்லை. 2025-26-ல் தமிழ்நாட்டில் 100 நாள் வேலைக்கு நிர்ணயித்த கூலி நாளைக்கு ரூ.336. ஒரு மாதப் பயிற்சியில் ஞாயிறு போக 26 நாள் என்று வைத்தால், முழுக் கூலி கணக்கில் ரூ.8,736 போச்சு. "பயிற்சி இலவசம் தானே" என்று ஆபீசில் சொல்றாங்க. அந்த அம்மாவுக்கு அது எட்டாயிரத்து சொச்சம் ரூபாய் பயிற்சி!

இதைப் புரிந்துகொண்டு தான் மத்திய அரசு 2019 டிசம்பரில் 'உன்னதி' என்ற திட்டத்தைக் கொண்டு வந்தது. ஒரு வருஷத்தில் 100 நாளும் வேலை பார்த்து முடித்த குடும்பத்தில், 18 முதல் 45 வயது வரை உள்ள ஒருவருக்குப் பயிற்சி. பயிற்சி நாட்களில் வேலைக் கூலி அளவுக்கு உதவித்தொகை, அதிகபட்சம் 100 நாள் வரை. நாடு முழுவதும் 2 லட்சம் பேர் என்பது இலக்கு. 2025 மார்ச் வரை பார்த்தால் 1 லட்சம் பேரைக்கூட எட்டவில்லை என்பது குறிப்பிடத்தக்கது. கூலியைக் கொடுத்தும் இந்த நிலை என்றால், கூலியே கொடுக்காத பயிற்சிக்கு யார் வருவாங்க?

அதனால் பட்ஜெட் போடும்போது மாஸ்டர் சம்பளம், மெஷின், பேனர் செலவுக்கு முன்னால் பயிற்சிக்கு வருபவரின் தினப்படியை எழுதணும். முழுக் கூலி கொடுக்க முடியாவிட்டாலும், பாதியாவது கொடுக்கணும். அதுவும் முடியாது என்றால் பயிற்சியை அரை நாளாக வைத்து, மீதி அரை நாள் சம்பாதிக்க விடணும்.

பஸ், பிள்ளை, சீசன்

2021 மே மாதம் முதல் பெண்களுக்கு டவுன் பஸ்ஸில் டிக்கெட் இல்லை. ஆனால் அஞ்செட்டி, தளி பக்கம் மலைக் கிராமங்களில் இருந்து வருகிறவர்களுக்கு பஸ்ஸே அபூர்வம். காலை 9 மணிக்கு கிருஷ்ணகிரியில் இருக்கணும் என்றால் அவர்களால் முடியாது. ஊர் பள்ளிக்கூடத்திலோ, சமுதாயக் கூடத்திலோ பயிற்சியை வைத்து மாஸ்டரை அங்கே அனுப்புவது தான் வழி.

கைக்குழந்தை உள்ளவர் எங்கே விட்டுவிட்டு வருவார்? பெரிய பிள்ளைகளை ஸ்கூல் பார்த்துக்கொள்ளும். அங்கன்வாடி மூடுவதற்குள் அம்மா வீடு திரும்பணும். நேரத்தை இதைப் பார்த்து வைக்கணும்.

மாங்காய் அறுவடை, ராகி அறுவடை சமயத்தில் பயிற்சி வைத்தால் ஹால் காலியாகத் தான் இருக்கும். அந்த மாதம் கையில் நாலு காசு பார்க்கும் மாதம்.

இன்னொன்று. ஓசூர், தேன்கனிக்கோட்டை பக்கம் பல வீடுகளில் பேசுவது தெலுங்கு, கன்னடம். மாஸ்டருக்கு அந்தப் பேச்சு தெரிஞ்சா பாடம் சீக்கிரம் ஏறும்.

எங்கே கேட்பது?

புதுசாக கட்டிடம் கட்டத் தேவையில்லை. மாவட்டந்தோறும் பேங்குகள் நடத்தும் ஊரக சுயவேலைவாய்ப்பு பயிற்சி நிலையம் இருக்கு. இதன் மூலம், கர்நாடக மாநிலம் உஜிரேயில் 1982-ல் தர்மஸ்தலா கோவில் அறக்கட்டளையும் சிண்டிகேட் பேங்க், கனரா பேங்க் ஆகியவையும் சேர்ந்து தொடங்கிய நிலையம். அது நன்றாக நடந்ததால் நாடு முழுவதும் கொண்டு வந்தாங்க. 18 வயது முதல் 45 வயது வரை உள்ளவர்களுக்கு கதவு திறந்தே இருக்கு. பயிற்சி, சாப்பாடு, தங்குமிடம் எல்லாம் இலவசம். கறவை மாடு வளர்ப்புக்கு 10 நாள், தையல், செல்போன் ரிப்பேருக்கு சுமார் 30 நாள். முடித்த பிறகு 2 வருஷம் பின்தொடர்ந்து பார்த்து, பேங்க் கடனுக்கும் உதவி செய்யணும் என்பது விதி.

கம்பெனி வேலைக்குப் போக விரும்பும் 15 முதல் 35 வயதுக்காரர்களுக்காக 2014-ல் கொண்டு வந்தது தீனதயாள் உபாத்யாயா கிராமின் கவுசல்யா யோஜனா. பெண்களுக்கு 45 வயது வரை சலுகை. பயிற்சி கொடுக்கும் நிறுவனம், முடித்தவர்களில் 100-க்கு 70 பேருக்காவது வேலை வாங்கித் தரணும் என்பது இதில் உள்ள நிபந்தனை. கலெக்டர் ஆபீசில் உள்ள மகளிர் திட்ட அலுவலகத்தில் இரண்டைப் பற்றியும் விசாரிக்கலாம்.

"பென்ஷன் கட் ஆயிடுமா?"

பயிற்சி என்று சொன்னதும் பெண்கள் கேட்கும் முதல் கேள்வி இது. ரொம்ப நியாயமான கேள்வி.

பயிற்சியில் உட்காருவது வருமானம் ஆகாது. ஆனால் விதவை பென்ஷன் ஆதரவற்றவர்களுக்கு என்று கொடுப்பது. நிலையான சம்பளம் வந்தால் "இன்னும் ஆதரவற்றவரா?" என்ற கேள்வி வரும். வேலையில்லாதோர் உதவித்தொகை, பெயரே சொல்லுது, வேலை கிடைத்தால் நின்றுவிடும்.

இதில் பயம் எங்கே இருக்கு என்றால், கம்பெனி வேலை 3 மாதத்தில் போனாலும் போகும். நின்ற பென்ஷனை மறுபடி வாங்க வி.ஏ.ஓ., ஆர்.ஐ., தாசில்தார் என்று முதலில் இருந்து அலையணும். நிச்சயமான ரூ.1,200-ஐ விட்டுவிட்டு நிச்சயமில்லாத ரூ.10 ஆயிரத்துக்கு யார் போவாங்க? இதை சோம்பேறித்தனம் என்று சொல்பவர்கள் ஒரு மாதம் அந்தப் பென்ஷனில் குடும்பம் நடத்திப் பார்க்கணும்.

எனவே திட்டம் போடும் முதல் கூட்டத்திலேயே சமூகப் பாதுகாப்புத் திட்ட தாசில்தார் உட்காரணும். வேலைக்குப் போன முதல் 6 மாதம் பென்ஷனில் கை வைக்க மாட்டோம், வேலை போனால் பழைய ஆர்டரையே திரும்ப உயிர்ப்பிப்போம் என்று மேலிடத்தில் அனுமதி வாங்கி எழுத்தில் கொடுத்தால், பயிற்சிக்கு ஆள் தேடி அலைய வேண்டியதே இல்லை.

எதை வைத்து மார்க் போடுவது?

எத்தனை பேர் வந்தாங்க, எத்தனை சர்டிபிகேட் கொடுத்தோம் என்று தான் எப்பவும் கணக்கு காட்டுறாங்க. பயிற்சி முடிந்து 6 மாதம் கழித்து எத்தனை பேர் அந்தத் தொழிலில் இருக்காங்க, மாதம் எவ்வளவு வீட்டுக்கு வருது என்று ஒரு தடவை போன் போட்டுக் கேட்டால் உண்மை தெரிந்துவிடும். அந்தக் கணக்கை கிராம சபையில் வாசிக்கணும். மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2 என்று கிராம சபை கூடும்போது பொதுமக்களும் இதைக் கேட்கலாம். "எங்க ஊர்ல எத்தனை பேருக்கு பயிற்சி கொடுத்தீங்க? இப்ப அவங்க என்ன வேலை பார்க்கறாங்க?" என்று எழுந்து நின்று கேட்க யாருக்கும் உரிமை உண்டு.